மைக்செட்காரர் மகன்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். அது மேல மட்டும் கையை ஊனிறாதீங்க, உள்ள மைக் இருக்கு. கார்டுலெஸ் மைக், புதுசு. ஒட்டன்சத்திரத்துல இறங்குற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

நீங்க எது வரைக்கும்? நீங்களும் ஒட்டன்சத்திரமா? அப்ப நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. என்ன வேலை பாக்குறீங்க? இருங்க, அப்புறம் சொல்லுங்க. இந்த டிரைவர் பாட்டு வச்சிருக்கிற லட்சணத்தைக் கேளுங்க முதல்ல. ட்ரெபிளை உச்சத்துல ஏத்திவிட்டு, பாஸைத் தொடவே இல்ல. நான் தொழில்காரன், எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. சாத்தூர்ல மைக்செட் கொண்டல்சாமின்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு நாய்கூட வழி காட்டும். தேன்மொழி சவுண்ட் சர்வீஸ். தேன்மொழி என் சம்சாரம். வீட்டுல வாயே திறக்க மாட்டா, கடை போர்டுல மட்டும்தான் அவ சத்தம்.

கடைசி சீட்டைப் பாத்தீங்களா? வரிசையாப் பொண்ணுக. ஆரப்பாளையத்துல நம்மளோடதான் ஏறுச்சுக. ஒவ்வொண்ணும் என்னா வளத்தி! காலை நீட்ட இடமில்லாம பாதி காலை நடைபாதையில போட்டு வச்சிருக்குதுக. போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகுதுகளாயிருக்கும். நமக்கு ஒரு தடவை பாத்தாப் போதும், ஆளு இன்னாருன்னு சொல்லிருவேன். உங்களையும் சொல்லவா? கழுத்துல கயிறு கிடக்கு, கயித்து முனை சட்டைக்குள்ள இருக்கு. ஐடி கார்டு. பேங்கு, பைனான்ஸு, அந்த மாதிரி ஏதோ ஒண்ணு. பதில் சொல்ல வேணாம், சிரிக்கிறீங்களே, அதுவே போதும்.

வளத்தின்னா நீங்க என் மகனைப் பாக்கணும் தம்பி. இளம்பரிதின்னு பேரு. ஆறடி நாலங்குலம். பாஸ்கெட்பால் பிளேயர். சாதாரண பிளேயர் இல்ல, யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடுனவன். இன்னைக்கு அவனைப் பாக்கத்தான் போயிக்கிட்டு இருக்கேன். அவனுக்குத் தெரியாது. சம்சாரத்துக்கும் தெரியாது. மதுரையில ஸ்பீக்கர் காயில் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். திடீர்னு போயி நிக்கணும், மைக்ல என் குரல் கேக்கணும், பய அப்படியே திரும்பிப் பாக்கணும்.

கதையை முதல்ல இருந்து சொல்றேன், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

அவன் பிளஸ் டூ படிக்கிறப்ப எங்க ஊர் மாதா கோயில் கொடியேத்தம். நம்ம செட்டுதான். நான் ஏணி எடுக்கப் போயிருக்கேன், திரும்பி வந்து பாத்தா பய ஏணியே இல்லாம, தரையில நின்ன வாக்குலயே ஹார்ன் ஸ்பீக்கரைத் தூக்கிக் கம்பத்துல கட்டிக்கிட்டு இருக்கான். திருவிழாவுக்கு வந்த ஒரு மனுஷன் அதை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்காரு. ஞானமுத்துன்னு பேரு, ஒரு காலேஜ்ல பி.டி. சாரு. நேரா வந்தாரு. "தம்பி, கையை விரி"ன்னாரு. விரிச்சான். "செருப்பு என்ன சைஸ்?"ன்னாரு. சொன்னான். அப்புறம் என்னைப் பாத்து, "இவங்கம்மா என்ன உயரம்?"னு கேக்குறாரு. மாட்டுத் தரகன் பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏன் சார், அப்பன் எவ்வளவு உயரம்னு கேக்க மாட்டீகளோ"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

அந்த ஒரு கொடியேத்தத்துல பய காலேஜ்ல சேந்துட்டான். சீட்டு ப்ரீ, ஹாஸ்டல் ப்ரீ, சாப்பாடு ப்ரீ. தினமும் காலையில அவிச்ச முட்டை. இன்னைக்கும் அந்த ஞானமுத்து போற இடமெல்லாம் என்ன சொல்லிக்கிட்டுத் திரியிறாரு தெரியுமா? "இளம்பரிதியை நான்தான் உருவாக்கினேன்." பதினேழு வருஷம் சோறு போட்டு வளத்தவன் நான். அவரு முட்டை குடுத்து உருவாக்கிட்டாராம்! கோழிக்குக்கூட அம்புட்டு உரிமை கிடையாது தம்பி.

சரி, மகன் ஆடுறான், அப்பன் சும்மா இருக்க முடியுமா? நானும் ஆட்டத்தைக் கத்துக்கிட்டேன். பந்தைக் கையில வச்சுக்கிட்டு நடக்கக் கூடாதாம். தட்டிக்கிட்டே போகணுமாம். நிறுத்திட்டுத் திரும்பத் தட்டக் கூடாதாம். கூடைக்குக் கீழ மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாதாம். புதுச் சம்பந்தி வீட்டுலகூட இத்தனை சட்டம் கிடையாது. ஆனாலும் கத்துக்கிட்டேன். எதுக்கு? வர்ணனை பண்ண!

அந்தக் காலேஜ்ல வருஷா வருஷம் டோர்னமெண்ட் நடத்துவாக. நான் செட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். வாடகை வேணாம், என் மகன் காலேஜ் என் காலேஜ்னு சொல்லிட்டேன். ஓசின்னா யாரு வேணாம்பா? மைக்கைப் பிடிச்சேன். அதுக்கு முன்னாடி அந்த கிரவுண்டுல என்ன நடந்துச்சு? பத்துப் பேரு மூச்சு வாங்க ஓடுனாக, பாக்கிறவன் கடலை தின்னான். அம்புட்டுத்தான். நான் வந்த பிறகுதான் அது விளையாட்டு. "இதோ, சாத்தூர் தந்த சிங்கம், தேன்மொழி சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் கொண்டல்சாமி அவர்களின் ஒரே புதல்வன் இளம்பரிதி, பந்தோடு பறந்து வருகிறார்..." நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்தை எவனாவது பிடுங்கிருவான். பயலுக்கு வேகம் போதாது. நான் என்ன செய்ய?

இந்த ப்ரீ த்ரோன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? ஓ, தெரியுமா? பரவாயில்லையே, பேங்குக்காரரு விவரமாத்தான் இருக்கீக. தப்பாட்டம் ஆடுனா எதிராளிக்குச் சும்மா நின்னு போடக் குடுப்பான். பந்து கையில, கூடை முன்னால, மறிக்க ஒருத்தன் கிடையாது. அதைப் போட மாட்டான் என் மகன்! எனக்கு அவமானமா இருக்கும். அந்த நேரத்துல கிரவுண்டே வாயைப் பொத்திக்கிட்டு நிக்கும். இப்படி இருந்தா அது மேட்ச்சா, எழவு வீடா? பய தனியா நிக்கானேன்னு நான் விடாம தைரியம் குடுப்பேன். "பதட்டப்படாதே மகனே! இதைப் போட்டால் சமன்! போடாவிட்டால் தோல்வி! உன் தாய் வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள்!" பந்து வளையத்துல பட்டு வெளிய விழுகும். அடுத்ததும் வெளிய விழுகும். அம்புட்டு தைரியம் குடுத்தும் போட மாட்டான் தம்பி. யாரைக் குத்தம் சொல்ல?

அதே பய வெளியூர் போனா என்ன செய்றாங்கிறீக? யுனிவர்சிட்டி டீம்ல ஆந்திராப் பக்கம் போனாக. நான் அம்புட்டுத் தூரம் செட்டைத் தூக்கிட்டுப் போக முடியுமா? போகல. அங்க அவன்தான் எல்லா மேட்ச்லயும் நிறையப் பாயிண்ட் போட்டவன். ப்ரீ த்ரோ ஒண்ணுகூடத் தவறலையாம். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. கூடப் படிக்கிற பய ஒருத்தன் வந்து சொன்னான், "அப்பா, பரிதி அங்க வேற ஆளு மாதிரி ஆடுனான்ப்பா"ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பாருங்க, அப்பன் பக்கத்துல இல்லையேங்கிற ஏக்கத்துல புள்ள வெறி பிடிச்ச மாதிரி ஆடியிருக்கான்! அன்னைக்கே முடிவு பண்ணுனேன். இனி எந்த மேட்ச்சா இருந்தாலும் புள்ளையைத் தவிக்க விடக் கூடாது, பக்கத்துலயே இருக்கணும்னு.

அதுக்கும் வந்துச்சு தடை. அடுத்த வருஷ டோர்னமெண்டுக்கு ஞானமுத்து சாரு போன் பண்ணி, "அண்ணே, இந்தத் தடவை மைக்செட்டுக்கு வேற ஆள் பாத்துக்கிறோம், நீங்க ஹாயா கேலரியில உக்காந்து பாருங்க"ன்னாரு. கமிஷன் தம்பி, கமிஷன்! வேற என்ன இருக்கும்? ஓசியில குடுத்தவனை விட்டுட்டு துட்டுக்கு ஆள் கூப்பிடுறாருன்னா அர்த்தம் புரியலையா? வந்தவன் ஒரு வாய்செத்த பய. பாயிண்டை மட்டும் சொல்லிட்டுப் பொத்துனாப்புல உக்காந்துக்கிட்டான். அதையும் ஒரு தடவை மாத்திச் சொல்லி, கூட்டம் அவனைக் கத்தித் தீத்துருச்சு. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாக? மைக் பிடிக்கத் தெரியாதவன் மைக்கைத் தொடக் கூடாது. அது கத்தி மாதிரி.

அந்த மேட்ச்ல பரிதி நல்லா ஆடுனானான்னு கேக்குறீங்களா? ஆடுனான், ஆடுனான். அது எதிர் டீம் சொத்தை.

வாடிப்பட்டி தாண்டிருச்சா? தண்ணி குடிக்கிறீங்களா? இந்தாங்க.

இனிமேதான் முக்கியமான விஷயமே. கடைசி வருஷம். எங்க பக்கத்து ஊர்ல பங்குனிப் பொங்கலுக்கு பாஸ்கெட்பால் நடத்துவாக. ஊர்க்காரக டோர்னமெண்ட், பய காலேஜ் டீமு ஆட மட்டும்தான் வரும், நடத்துறதுல அதுக்குச் சம்பந்தம் இல்ல, மைக்செட்டு நம்மளுது. ஞானமுத்து மூக்கை நுழைக்க முடியாது. சவுக்குக் கம்புல கேலரி கட்டி, சுத்தி லைட்டு போட்டு, கூட்டம் அம்மும். அந்த வருஷம் பைனலுக்கு ஒரு பெரிய ஆபீஸ்ல இருந்து ஆள் எடுக்க வந்திருந்தாக. நல்லா ஆடுனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. சாகிற வரைக்கும் பென்ஷன். பயலுக்கு அது ஒண்ணுதான் நெனப்பு. அந்த வேலைக்காகத்தான் அத்தனை வருஷம் விடியக் காலையில எந்திரிச்சு ஓடுனது.

அந்த நேரம் பாத்து, பிராக்டீஸ்ல வலது முழங்கால் பிசகிருச்சு. வீங்கி இளநி மாதிரி இருக்கு. டாக்டரு ஊசி போட்டு, கட்டுப் போட்டு, "ஓடலாம், ஆனா இடி வாங்கக் கூடாது"ன்னுட்டாரு. எதிர் டீமுக்குத் தெரிஞ்சா அந்தக் காலையே குறி வச்சு ஆடுவானுக, அதனால யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு ஞானமுத்து சொல்லிட்டாரு. கட்டு தெரியாம இருக்க, தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் கருப்புக் காலுறை மாட்டி விட்டுட்டாக. என்கிட்டகூடப் பய சொல்லல. அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கான். அவ என்கிட்டச் சொல்லிட்டு, "வெளிய சொல்லிராதீங்க, வெளிய சொல்லிராதீங்க"ன்னு ஆயிரம் தடவை. எனக்கு வந்த கோவத்துக்கு! நான் என்ன ஊரெல்லாம் தமுக்கடிக்கிறவனா?

மேட்ச் ஆரம்பிச்சுச்சு. சும்மா சொல்லக் கூடாது தம்பி, பய அன்னைக்கு ஆடுனான் பாருங்க, பெத்த வயிறு குளுந்துச்சு. வந்திருந்த ஆபீஸ் ஆளுக ஒருத்தருக்கொருத்தர் பாத்துத் தலையாட்டிக்கிறாக. நான் மைக் மேஜையில இருந்து அதைத்தான் கவனிச்சுக்கிட்டு இருக்கேன். பாதி ஆட்டம் முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சாச்சு. ஆனா கூட்டம் இருக்கே கூட்டம், கை தட்டவே மாட்டேங்குது! கூடையில போட்டா ஒரு "ஓ". அம்புட்டுத்தான். இந்தப் புள்ள என்ன பாடுபட்டு ஆடுறான்னு இவனுகளுக்கு என்ன தெரியும்? எனக்கு நெஞ்சு பொறுக்கல. மைக்கை எடுத்தேன்.

"ரசிகப் பெருமக்களே! நீங்கள் கைதட்டும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு கைதட்டுங்கள்! இந்தச் சிங்கத்தின் வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது! ஊசி போட்டு, கட்டுப் போட்டு, அந்தக் கருப்பு உறைக்குள்ளே வலியை மறைத்துக்கொண்டு உங்களுக்காக ஆடுகிறான் என் மகன்!"

கேலரியே எந்திரிச்சு நின்னுருச்சு தம்பி! விசிலு, கைதட்டு, துண்டைத் தூக்கி எறியிறான். ஒரு கிழவி அழுகுது. எத்தனையோ கோயில் கொடைக்கு மைக் பிடிச்சிருக்கேன், அந்த மாதிரி ஒரு கைதட்டு என் ஆயுசுல கேட்டதில்ல. பயலும் கேட்டான். ஆட்டத்துக்கு நடுவுல அப்படியே நின்னு, மைக் மேஜையைப் பாத்துத் திரும்பி, ரெண்டு கையையும் சேத்து என்னைக் கும்புட்டான். அத்தனை ஜனத்துக்கு முன்னால, தகப்பனைக் கும்புடுறான்! கண்ணெல்லாம் கலங்கிப் போயிருக்கு. எந்தப் புள்ள செய்யும் இந்தக் காலத்துல? சபை மரியாதை. அது நம்ம வளப்பு.

அதுக்கப்புறம்தான் தம்பி நடந்துச்சு அநியாயம். எதிர் டீம்காரப் பயலுக திடீர்னு எல்லாரும் வலது பக்கமாவே வாரானுக. அது வரைக்கும் ஒழுங்கா ஆடுன பயலுக! ஒருத்தன் வந்து இடிக்கிறான், இன்னொருத்தன் வந்து இடிக்கிறான். மூணாவது வந்த தடியன் துள்ளிக் குதிச்சு அந்த முழங்கால் மேலேயே விழுந்தான். சத்தம் எனக்கு மைக்ல கேட்டுச்சு. பொய் இல்ல, மேஜை வரைக்கும் கேட்டுச்சு.

தூக்கிட்டுப் போனாக. போறப்ப என்னைப் பாத்துக்கிட்டே போனான். வலிக்கிறப்ப புள்ளைக்கு அப்பனைத்தான் தேடுது, பாருங்க.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு மட்டும் விளங்கல தம்பி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்க படிச்சவரு. வலது முழங்கால்னு அவனுகளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அம்புட்டு ரகசியமா வச்சிருந்தோம்! எவனோ உள்ளுக்குள்ள இருந்து உளவு சொல்லியிருக்கான். முதல்ல ஞானமுத்து மேல சந்தேகப்பட்டேன். அப்புறம், பெஞ்சுலேயே உக்காந்திருப்பான் ஒரு மாத்து ஆட்டக்காரன், அவன் மேல. அவன் வீட்டுக்கே போயிக் கேட்டேன். அந்தப் பயலோட அப்பா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "அண்ணே, நீங்க போயிட்டு வாங்க"ன்னு கதவைச் சாத்திட்டாரு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ல?

ஏன் தம்பி இருமுறீங்க? புரையேறிருச்சா? தண்ணி குடிங்க.

ஆபரேஷன் பண்ணியாச்சு. அந்த ஆபீஸ் வேலை வேற எவனுக்கோ போச்சு. பரிதிக்கு அதோட ஆட்டம் முடிஞ்சுது. அம்புட்டு உசரப் புள்ள, மாடிப்படி ஏறுறதுக்குக் கம்பியைப் பிடிச்சா எப்படி இருக்கும்? நான் பாத்து அழுதிருக்கேன். அவனுக்கு முன்னால இல்ல, கடையில ஆம்ப்ளிபயருக்குப் பின்னால உக்காந்து. எங்க வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசிக்கிறது இல்ல. அவளுக்குத்தான் வாயே கிடையாதே. அந்த மேட்ச்சுக்குப் பிறகு சுத்தமாக் குறைச்சுட்டா. சோறு வைக்கிறப்ப தட்டு வைக்கிற சத்தம்தான்.

பய அப்புறம் பி.பி.எட் படிச்சு, பழனிப் பக்கம் ஒரு பொம்பளப் புள்ளைக காலேஜ்ல கோச்சாச் சேந்தான். தீபாவளி, பொங்கலுக்குக்கூட வர்றதில்ல, பிராக்டீஸ் அப்படி. அம்மாகிட்டத் தினம் போன்ல பேசுவான். நான் வாங்கிப் பேசுனா மட்டும் "சார்ஜ் இல்லப்பா"ம்பான், கட்டாயிரும். எப்ப நான் வாங்குனாலும் சரியா அந்த நேரம் சார்ஜ் தீந்துரும். மட்டமான போனை வச்சிருக்கான். கையில நாலு காசு வந்தா முதல்ல அவனுக்கு நல்ல போன் ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்.

அதை விடுங்க. இன்னைக்குச் சாயந்தரம் ஒட்டன்சத்திரத்துல பைனல். அந்தந்தப் பக்கத்துல ஜெயிச்சு வந்த ரெண்டு டீமு இன்னைக்கு மோதுது. ஒண்ணு என் மகன் டீமு. இன்னொண்ணு ஏதோ மதுரைக் காலேஜாம், அம்மாகிட்டப் பேரு சொன்னான், மறந்துட்டேன். எதிர் டீம் பேரெல்லாம் நமக்கு எதுக்கு? இதுல ஜெயிச்சா பயலுக்கு வேலையை நிரந்தரம் பண்ணுறோம்னு காலேஜ்காரக சொல்லியிருக்காக. தோத்தா அடுத்த வருஷத்துல இருந்து டீமும் கிடையாது, கோச்சும் கிடையாதாம். ஆட்டம்தான் போச்சு, இந்த வேலையாவது நிலைக்கணும்ல தம்பி? முப்பதைத் தொடப் போறான், கல்யாணம் காட்சி பாக்க வேணாமா? நேத்து ராத்திரி அம்மாகிட்டப் பேசுறப்ப குரல் நடுங்குச்சு அவனுக்கு. எனக்கு எப்படித் தெரியுமா? அடுப்படிக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். அவ ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுவா. ஸ்பீக்கர் சத்தம் நம்ம காதுக்குத் தப்புமா?

அதுல பாருங்க, ஒரு சங்கதி. அவன் டீம்ல ஷைனின்னு ஒரு பொண்ணு. அதுதான் டீமே. அதுக்கு முந்தாநாள் வலது தோள்பட்டை இறங்கிருச்சாம். ஏத்திக் கட்டி, டேப்பைச் சுத்தி, மேல முழுக்கை பனியன் போட்டு இறக்கப் போறான். டாக்டரு சரின்னுட்டாராம், ஆனா அந்தத் தோள்ல இடி விழுந்தாப் போச்சாம். "யாருக்கும் தெரியக் கூடாதும்மா, முக்கியமா..."ன்னு ஏதோ சொன்னான், அங்க மிக்சி ஓடுச்சு, எனக்கு விழுகல.

நான் ராத்திரியெல்லாம் தூங்கலையே! வசனம் எழுதிக்கிட்டுக் கிடந்தேன். ஒட்டன்சத்திரத்துல முத்துக்காளைன்னு மைக்செட்டு, நம்ம பழக்கம். அவன் செட்டோட என் மைக்கைச் சேத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். பாதி ஆட்டம் வரைக்கும் சும்மா இருப்பேன். அப்புறம் எடுப்பேன் பாருங்க. இருங்க, சொல்லிக் காட்டுறேன். மைக்கை ஆன் பண்ணல, பயப்படாதீங்க. "ரசிகப் பெருமக்களே! உடைந்த தோளோடு ஒரு வீராங்கனை! வலது தோளில் கட்டு, கண்ணிலே கண்ணீர், நெஞ்சிலே நெருப்பு..." எப்படி? கேலரி எந்திரிச்சு நிக்காது? அந்தக் கைதட்டுல பொண்ணு பறந்து பறந்து ஆடாது? பய வேலை நிரந்தரம் ஆகாது?

ஏன் தம்பி, பஸ்ஸே நம்மளைத் திரும்பிப் பாக்குது? சத்தமாச் சொல்லிட்டேனோ? நம்ம தொண்டை அப்படி. பின்னாடி அந்தப் பொண்ணுககூடக் காதுல இருந்து ஒயரைக் கழட்டிட்டுக் கேக்குதுக பாருங்க. கேக்கட்டும், கேக்கட்டும்.

சரி, நானே பேசிக்கிட்டு வாரேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு சொல்லவே இல்லையே. எந்த பேங்கு?

என்னது? பி.டி. சாரா? அட! முதல்லயே சொல்லக் கூடாதா! எந்தக் காலேஜ்?

மதுரையில எங்க?

ஓ.

அப்ப அந்தப் பொண்ணுக...

போலீசு இல்லையா.

அப்ப அந்தக் கயிறு, விசிலா சார்?

சார்... ஒரு நிமிஷம் சார். இந்தத் தோள்பட்டைன்னு நான் சொன்னேன் பாருங்க, அது சும்மா. மேடைக்காகக் கூட்டிச் சொல்றது. தொழில்காரன் இல்லையா, உள்ளது பாதி, கற்பனை பாதி. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கு. வலதுன்னு சொன்னேனா? இடது. இல்ல, எதுவும் இல்ல சார்.

எதாவது பேசுங்க சார். இம்புட்டு நேரம் நான்தானே பேசுனேன், இப்பப் பேசுங்க.

அந்தப் பொண்ணுக காதுல விழுந்திருக்குமா? கொஞ்சம் மெதுவாப் பேசுவோம் சார். நான் மெதுவாப் பேசிக் கேட்டிருக்க மாட்டீக, என் சம்சாரமே கேட்டதில்ல. சார், அதுகளுக்கு நீங்க சொன்னாத்தான் சட்டம். வலது பக்கம் போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் உங்க வயசு மகனுக்கு அப்பன். அவனுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்.

ஏன் சார் கையைப் பிடிக்கிறீங்க? கையை இறக்கச் சொல்றீங்களா? இல்ல, இருக்கட்டும். பதிலுக்கு நீங்க வணக்கம் வைக்க வேணாம். இது வணக்கம் இல்ல சார். கெஞ்சுறேன். வாயைத் திறந்துறாதீங்கன்னு உங்களைக் கெஞ்சுறேன். ரெண்டு கையையும் சேத்தா, எல்லாத்துக்கும் கும்புடுன்னு அர்த்தமா...

...

ஒண்ணும் இல்ல சார். சும்மா. பங்குனிப் பொங்கல் மேட்ச்சு ஞாபகம் வந்துச்சு.

கண்டக்டர் கூப்பிடுறாரு பாருங்க, ஒட்டன்சத்திரம். எந்திரிங்க. பொண்ணுகளும் எந்திரிச்சுருச்சுக. நான் காலை மடக்கிக்கிறேன், நீங்க போங்க. நான் இறங்கல. கண்டக்டர், எனக்குப் பழனிக்கு ஒரு டிக்கெட் போடுங்க. மலை ஏறிக் கும்புட்டுட்டு அப்படியே ஊருக்குப் போயிருறேன். மைக்கு பைக்குள்ளயே இருக்கட்டும்.

சார், கிரவுண்டுல அவனைப் பாப்பீங்கள்ல? நல்ல வளத்தி, உங்களுக்குத் தேட வேண்டியதே இல்ல. படியேறுறப்ப மட்டும் கம்பியைப் பிடிப்பான். நான் இதே பஸ்ல வந்தேன்னு சொல்லிராதீங்க. அப்பா எங்கன்னு கேட்டான்னா...

இல்ல சார். அவன் கேக்க மாட்டான். நீங்க இறங்குங்க.